17 பானையோடுகள்: தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழு உறுப்பினர்களுக்கும் சுற்றுலாக் குழுவினருக்கும்,

சென்ற அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், பூர்வகுடி மக்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கட்டிய பெரிய கல் வீடுகள் பாழடைந்து நிற்கும் சாக்கோ பள்ளத்தாக்குக்கு நாம் சென்று திரும்பியபோது நம் உறுப்பினர்கள் எடுத்து வந்த 17 பானையோட்டுத் துண்டுகளை ஒரு கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி, ‘நம் பயணத்தில் கண்டெடுத்தவை: மறைந்துபோன அனசாசி நாகரிகம்’ என்று அட்டை எழுதித் தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் வைப்பதென்றும், பொங்கல் விழாவன்று அதைத் திறந்து வைப்பதென்றும் நீங்கள் முடிவு செய்திருப்பதாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. அன்று எடுத்த ட்ரோன் காட்சியை அதே விழாவில் திரையிடுவதாகவும், வரும் ஆண்டு இருமடங்கு பேரை அழைத்துக்கொண்டு மீண்டும் அங்கே செல்வதாகவும் அந்த அறிக்கை சொல்கிறது. இம்மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு முறை தனியாக எழுதிப் பார்த்தேன். முதல் மடலுக்கு மறுமொழி இல்லை. இரண்டாவதற்கு, தரையெங்கும் கிடக்கும் ஓடுகளில் பத்துப் பதினைந்தை எடுத்ததால் என்ன குறைந்துவிடும், பிள்ளைகளின் ஆர்வத்தைக் கெடுக்க வேண்டாம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. என்ன குறைந்துவிடும் என்ற அந்தக் கேள்விக்கு விடை உண்டு. அதை உறுப்பினர் அனைவரும் படிக்க வேண்டும் என்பதால் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

வராதவர்களுக்கும் தெரியட்டும் என்பதற்காக அன்று நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 14 வண்டிகளில் 52 பேர் ஆல்புகர்க்கியிலிருந்து புறப்பட்டோம். 550ஆம் எண் நெடுஞ்சாலையை விட்டு நஜீசி என்ற சிற்றூருக்குச் சற்று முன்னால் திரும்பினால் சிறிது தூரம் தார்ச்சாலை, அதன் பிறகு 13 மைல் மண்சாலை. முந்தைய நாள் பெய்த மழையில் அந்த மண் பசைபோல் ஆகியிருந்தது. நம் வண்டி ஒன்று சேற்றில் புதைந்து, அப்பக்கத்தில் வசிக்கும் நவாஹோ பூர்வகுடி முதியவர் ஒருவர் தம் பிக்கப் வண்டியில் கயிறு கட்டி இழுத்துவிட்டுத்தான் அது வெளியே வந்தது. உள்ளே உணவகம் இல்லை, பெட்ரோல் நிலையம் இல்லை, கைபேசித் தொடர்பும் இல்லை. அந்தக் கரடுமுரடான சாலைதான் இதுவரை அந்த இடத்துக்கு ஒரு வேலியாக இருந்து வருகிறது என்று நான் நினைக்கிறேன்; அதைக் கடந்து வருகிறவர்கள் கொஞ்சம் அக்கறையோடு வருவார்கள் என்ற நம்பிக்கையில்தான் சுவர்களுக்கு அருகில் வரை நடந்து செல்ல அங்கே இன்னும் அனுமதி இருக்கிறது. நாம் இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக வரவேற்பு மையத்தில் நிற்காமல் எல்லா வண்டிகளும் நேரே உள்ளே செல்லும்படி சுற்றுலாக் குழு சொன்னது. விதிகள் எழுதிய தாளை யாரும் வாங்கவில்லை, பூங்காக் காவலர் தரும் விளக்கத்தை யாரும் கேட்கவில்லை. அன்று நடந்த தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு முடிவிலிருந்து வந்தவை என்பதால், பிள்ளைகளையோ தனிப்பட்ட குடும்பங்களையோ குறை சொல்வது என் நோக்கமல்ல.

அங்குள்ள பெரிய வீடுகளில் ஒன்றான புவெப்லோ பொனிட்டோவின் இடுப்பளவுச் சுவர் ஒன்றின்மேல் ஏழெட்டுப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தோம். ஒரு பையன் இறங்கும்போது அவன் ஷூ நுனி பட்டு, சுவர் முகப்பிலிருந்து தீப்பெட்டி அளவிலான தட்டைக் கல் ஒன்று கழன்று விழுந்தது. அது இருந்த குழியிலிருந்து காய்ந்த மண் ஒரு பிடி அளவுக்குப் பொலபொலவென்று உதிர்ந்தது. பெரியவர் ஒருவர் அந்தக் கல்லை எடுத்து, கண்ணில் பட்ட ஓர் இடுக்கில் செருகிவிட்டு, ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்லி நகர்ந்தார். ஆனால் அந்தச் சுவர் எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. நடுவில் கரடுமுரடான கற்களும் மண்ணும், இரண்டு முகப்பிலும் கையால் செதுக்கிச் சீராக்கிய மணற்கற்கள், அவற்றின் இடைவெளிகளில் விரல்நகம் அளவுள்ள சில்லுகள், எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது வெறும் களிமண் சாந்து. நான்கு தளம் வரை எழுந்த கட்டடத்தின் பாரத்தைக் கணக்கிட்டு, கீழே அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகலாகவும் கட்டியிருக்கிறார்கள். கி.பி. 850 வாக்கில் தொடங்கி முந்நூறு ஆண்டுகளுக்கு அருகில் இடித்தும் கூட்டியும் எழுப்பப்பட்ட 600க்கும் மேற்பட்ட அறைகள் அவை. சக்கரமும் இல்லாமல், பாரம் இழுக்கும் விலங்கும் இல்லாமல், 75 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஜூனி, சுஸ்கா மலைகளிலிருந்து கூரை மரங்களை மனிதர்களே கொண்டு வந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் பெரிய வீடுகளுக்கெல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் தேவைப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். முகப்பில் ஒரு கல் கழன்றால் அந்த வழியாக மழைநீர் உள்ளே இறங்கும், இறங்கிய நீர் குளிர்காலத்தில் உறையும், உறைந்தது சுவரைப் பிளக்கும். இதைத் தடுப்பதற்காகவே பல அறைகளை மீண்டும் மண் போட்டு மூடியிருக்கிறார்கள். அங்கே ஆண்டுதோறும் பழுதுபார்க்கும் கொத்தர்களில் நவாஹோ மக்கள் தலைமுறைகளாக இருந்து வருகிறார்கள். நம் பிள்ளைகள் உட்கார்ந்தது அந்த உழைப்பின்மீது.

அடுத்தது காசா ரிங்கொனாடாவில் நடந்தது. இதைப் பற்றிப் பேசும்போது யார் மனமும் புண்படக் கூடாது என்று விரும்புகிறேன், ஏனென்றால் அது பக்தியோடு செய்யப்பட்டது. 60 அடிக்கு மேல் குறுக்களவுள்ள அந்த வட்டமான பெரிய கீவா, நிலத்துக்குக் கீழே இறங்கும் ஒரு வழிபாட்டு மண்டபம். உள்ளே இறங்கக் கூடாது என்ற பலகையைக் கடந்து ஒரு குடும்பத்தினர் கீழே சென்று, நடுவில் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தார்கள். தெய்வம் இருந்த இடம் என்பதால் வணங்கினோம் என்று சொன்னார்கள். அந்த மரியாதை உண்மையானது. ஆனால் அந்தக் கீவாவுக்குள் இறங்குவது ஏன் தடை செய்யப்பட்டது தெரியுமா? இதே போல் மரியாதையோடு வந்த வெளியார்கள் படிகக் கற்களையும், தங்கள் இறந்தவர்களின் சாம்பலையும்கூட அங்கே விட்டுச் சென்றார்கள். இந்த வீடுகளைக் கட்டியவர்களின் வழிவந்த புவெப்லோ மக்களுக்கு அது தீட்டு. தங்கள் முன்னோரின் வழிபாட்டு மண்டபத்தில் முன்பின் தெரியாதவர்களின் அஸ்தி தூவப்படுவதை எந்தச் சமூகம் பொறுக்கும்? நம் வீட்டுப் பூஜையறைக்குள் வழிப்போக்கர் ஒருவர் நுழைந்து, நல்லெண்ணத்தோடு தம் வழக்கப்படி ஒரு சடங்கைச் செய்துவிட்டுப் போனால் நாம் எப்படி உணர்வோம் என்று அக்குடும்பத்தினர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தால் போதும். அவர்கள் பண்பானவர்கள், புரிந்துகொள்வார்கள்.

ட்ரோனைப் பற்றி நீண்டு பேச ஒன்றுமில்லை. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் அதற்குத் தடை இருக்கிறது. தடையை மீறி எடுத்த காட்சியைச் சங்கத்தின் மேடையில் திரையிடுவது, அந்த மீறலைச் சங்கம் தன் பெயரில் ஏற்றுக்கொள்வதற்குச் சமம். காற்றைத் தவிர வேறு ஓசையே இல்லாத அந்த வெளியில் அது அரைமணி நேரம் தலைக்கு மேல் இரைந்துகொண்டிருந்ததை, அமைதியாக நடந்து வந்த மற்ற பயணிகள் நிமிர்ந்து பார்த்ததை நான் மறக்கவில்லை.

இனிப் பானையோடுகள். 17 என்பது உங்களிடம் உள்ள கணக்கு. பதினெட்டாவது ஒன்று இருந்தது. ஊர் திரும்பி மூன்றாம் நாள், துவைக்கப் போடும்போது என் மகளின் குளிர்ச்சட்டைப் பையில் அதைக் கண்டேன். இரண்டு விரல் அகலம். வெளிப்புறம் சாம்பல் நிறம். களிமண் திரிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி அடுக்கி, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் நெருக்கமாக அழுத்தியிருந்ததால் மீன் செதிள்போல் தெரிந்தது. உட்புறம் வழவழப்பு. ஓரத்தில் அடுப்புக்கரி ஏறிக் கறுத்திருந்தது. அந்த அழுத்தங்களில் ஒன்றில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், விரல் உள்ளே அடங்கவில்லை. என் மகளின் விரல் சரியாகப் பொருந்தியது. சமைப்பதற்காக யாரோ ஒருவர், ஒருவேளை சிறிய கைகளை உடைய ஒரு பெண், செய்த பானை அது. ‘இதை எங்கே எடுத்தாய்?’ என்று கேட்டேன். ‘அந்தப் பெரிய சுவருக்குப் பக்கத்தில்’ என்றாள். எந்தச் சுவர், எந்தப் பக்கம், மேட்டின் மேலா அடிவாரத்திலா என்று எதுவும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளைக் கவனிக்காமல் விட்டது என் பிழை. பூங்கா அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து விவரம் சொல்லி, அவளே எழுதிய மன்னிப்புக் கடிதத்துடன் அதை அனுப்பி வைத்தேன். எங்கே எடுத்தது என்ற விவரத்தை மட்டும் சரியாக எழுத முடியவில்லை. அந்த விவரம் இனி யாருக்கும் கிடைக்காது.

குறைந்துபோனது அதுதான். ஓர் ஓடு கிடந்த இடத்தில் கிடக்கும்வரை அது ஒரு செய்தி. எந்த வகைப் பானை எந்த அடுக்கில், எந்தச் சுவருக்கு அருகில், எவற்றோடு சேர்ந்து கிடக்கிறது என்பதை வைத்தே அந்தச் சுவர் எப்போது எழுந்தது, அங்கே யார் யாரோடு பண்டமாற்றுச் செய்தார்கள் என்று ஆய்வாளர்கள் அறிகிறார்கள். சாக்கோவில் கிடைக்கும் பானைகளில் பெரும் பங்கு அங்கே வனையப்பட்டவை அல்ல, சுஸ்கா மலைச்சரிவிலிருந்து வந்தவை என்று சொன்னவையும் இத்தகைய ஓடுகள்தான். இன்னொரு சான்று சொல்கிறேன். புவெப்லோ பொனிட்டோவின் 28ஆம் எண் அறையில் 1896இல் 111 உருளை வடிவ ஜாடிகள் கிடைத்தன. அவை எதற்குப் பயன்பட்டன என்பது நூறாண்டுக்கு மேல் விளங்கவே இல்லை. 2009இல் பட்ரீசியா கிரவுன், ஜெஃப்ரி ஹர்ஸ்ட் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் அந்த வீட்டின் குப்பை மேட்டிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டிருந்த சில உடைந்த ஓடுகளைச் சோதித்து, கொக்கோவின் எச்சத்தை அவற்றில் கண்டார்கள். கொக்கோ மரம் அந்தப் பாலையில் வளராது. அது வளரும் வெப்ப நிலம் ஆயிரம் மைலுக்கும் அப்பால், தெற்கே, மெக்சிகோவின் தென்பகுதியும் மத்திய அமெரிக்காவும் அடங்கிய மெசோஅமெரிக்காவில் இருக்கிறது. அங்கிருந்து கொட்டைகள் கைமாறிக் கைமாறி வந்து, சாக்கோவின் ஜாடிகளில் பானமாயின என்பதை உலகுக்குச் சொன்னவை முழு ஜாடிகள் அல்ல, ஒருவரும் மதிக்காத குப்பைமேட்டு ஓடுகள். நம் பிள்ளைகள் குனிந்து பொறுக்கியது அதே வீட்டின் தென்புறத்து மேட்டோரத்தில்தான். உங்கள் பெட்டியில் வைக்கப்போகும் 17 துண்டுகளில் எது என்ன சொல்லியிருக்கும் என்று இனி யாராலும் கூற முடியாது.

அறிவியலைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. உங்கள் அட்டையில் ‘மறைந்துபோன’ என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் மறைந்துபோகவில்லை. 12ஆம் நூற்றாண்டில் நெடிய வறட்சி வந்தது, கட்டுமானம் நின்றது, மக்கள் மெல்ல மெல்ல வேறு இடங்களுக்குப் பெயர்ந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்று நியூ மெக்சிகோவின் 19 புவெப்லோ ஊர்களிலும் அரிசோனாவில் ஹோப்பி ஊர்களிலும் வாழ்கிறார்கள். ஆகோமாவிலும் லகூனாவிலும் ஜூனியிலும் பிறந்தவர்கள் நம்மோடு ஆல்புகர்க்கியில் ஒரே அலுவலகங்களில் வேலை செய்கிறார்கள், அவர்களின் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். நவாஹோ மக்களிலும் சில குலங்கள் சாக்கோவோடு தங்களுக்குள்ள உறவைச் சொல்கின்றன. ‘அனசாசி’ என்ற சொல்லும் புவெப்லோ மக்களின் சொல் அல்ல. பகைவரின் முன்னோர் என்று பொருள் கொள்ளப்படும் நவாஹோச் சொல் அது. தங்கள் பாட்டன் பூட்டன்களை அப்படி அழைப்பதைப் புவெப்லோ மக்கள் விரும்புவதில்லை. ஹோப்பி மக்களின் மரபில் இதற்கு இன்னும் ஆழமான விளக்கம் இருக்கிறது: முன்னோர்கள் இடம்பெயர்ந்து சென்ற வழியெங்கும் தங்கள் அடிச்சுவடுகளை விட்டுச் செல்லுமாறு பணிக்கப்பட்டார்கள், பாழடைந்த வீடுகளும், பாறைச் சித்திரங்களும், அரைக்கும் கற்களும், உடைந்த பானையோடுகளுமே அந்த அடிச்சுவடுகள். வேண்டாமென்று வீசியெறிந்தவை என்று நாம் நினைத்து எடுத்தவற்றை, ‘நாங்கள் இங்கே வாழ்ந்தோம்’ என்பதற்கான சான்றாக அவர்கள் மதிக்கிறார்கள். அந்தச் சான்றுகளில் 17 இப்போது நம் சங்கத்தின் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன.

இதைத் தமிழர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு வருத்தம். கீழடியில் ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய பானையோடுகள் கிடைத்த செய்தியை, நம் முன்னோர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்பதற்குச் சான்று என்று நம் சங்கத்தின் மேடையிலேயே பெருமையோடு பேசியிருக்கிறோம். அங்கே சுற்றுலா வந்த வெளிநாட்டுக் குழு ஒன்று குழியோரத்தில் கிடந்த 17 ஓடுகளைப் பையில் போட்டுச் சென்று, தன் ஊரில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தது என்று நாளை செய்தி வந்தால், அதைக் கண்டித்துத் தீர்மானம் போடும் முதல் சங்கம் நம்முடையதாக இருக்கும்.

பத்துப் பதினைந்து எடுத்தால் என்ன என்று கேட்டவர்கள் சாக்கோவின் வரலாற்றையும் அறிய வேண்டும். 1896 முதல் 1900 வரை ஹைட் ஆய்வுக்குழு என்ற பெயரில் ரிச்சர்ட் வெதரில் உள்ளிட்டோர் புவெப்லோ பொனிட்டோவில் ஏறக்குறைய 190 அறைகளைத் தோண்டினார்கள். கிடைத்தவற்றை நியூயார்க் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். 33ஆம் எண் அறையில் அடக்கம் செய்யப்பட்டிருந்தவர்களின் எலும்புகளும் அவற்றுள் இருந்தன. இப்படி ஆளாளுக்குத் தோண்டி எடுத்துச் செல்வதைத் தடுக்க வேண்டும் என்று எழுந்த குரல்களின் விளைவாகவே 1906இல் தொன்மைச் சின்னங்கள் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டே சாக்கோ தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1979இல் வந்த தொல்பொருள் வளப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதியின்றிப் பொதுநிலத்திலிருந்து ஒரு பானையோட்டை எடுப்பதும் குற்றம். முதல் முறை என்றாலே 10,000 டாலர் வரை தண்டமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு. 1990இல் வந்த இன்னொரு சட்டம், முன்னோரின் எலும்புகளையும் புனிதப் பொருள்களையும் அவரவர் வழித்தோன்றல்களிடம் திருப்பிக் கொடுக்கும்படி அருங்காட்சியகங்களைப் பணித்தது. பெரிய பெரிய அருங்காட்சியகங்கள் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில், நாம் புதிதாக ஒரு சிறிய அருங்காட்சியகத்தைத் திறக்கப் போகிறோம். அதைக் குத்துவிளக்கேற்றித் திறப்பதற்குச் சிறப்பு விருந்தினரையும் அழைத்திருக்கிறீர்கள். சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவது என் எண்ணமில்லை. ஆனால் செயற்குழு ஒரு முடிவு எடுக்கும்போது அது எத்தகைய செயலைப் பெருமைப்படுத்துகிறது என்பதை உறுப்பினர்கள் அறிந்திருக்க வேண்டும்.

வரும் ஆண்டு நூறு பேரை அழைத்துச் செல்லும் திட்டத்தைப் பற்றி: ஃபஹாடா குன்றை நீங்கள் எல்லோரும் சாலையிலிருந்து பார்த்தீர்கள், அதன் மேலே ஏன் ஏற விடுவதில்லை என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். அதன் உச்சிக்கு அருகில் மூன்று கல்பலகைகளுக்குப் பின்னால் பாறையில் ஒரு சுருள் கோலம் செதுக்கப்பட்டிருக்கிறது. கோடையின் மிக நீண்ட பகல் நாளில், நண்பகலை ஒட்டி, பலகைகளின் இடுக்கு வழியே விழும் ஒளி ஒரு குத்துவாள்போல் அந்தச் சுருளின் நடுவே இறங்கும். அன்னா சோஃபேர் என்ற ஓவியர் 1977இல் அதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். அதன் பிறகு ஆய்வுக்காகவும் ஆர்வத்துக்காகவும் வந்தவர்களின் காலடிபட்டு அடியிலிருந்த மண் அரித்துப்போனது. 1989இல் பார்த்தபோது ஒரு பலகை இடம் பெயர்ந்திருந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் காற்றும் மழையும் பனியும் செய்யாததைப் பன்னிரண்டே ஆண்டுகளில் மனிதப் பாதங்கள் செய்தன, அதுவும் அந்த இடத்தை மிக நேசித்தவர்களின் பாதங்கள். 52 பேரைக் கட்டுப்படுத்த நம்மால் முடியவில்லை. இருமடங்கு கூட்டத்தை, முன் ஆயத்தம் எதுவும் இல்லாமல், ஒரே நாளில் அங்கே கொண்டுபோய் இறக்குவது பொறுப்பான செயல் அல்ல.

அன்று நானும் அங்கே இருந்தேன். கல் விழுந்தபோது பார்த்தேன், கற்பூரப் புகை எழுந்தபோது பார்த்தேன். எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கும்போது நான் ஏன் குறுக்கே பேச வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். பொங்கல் மேடையிலும் அதே போல் உட்கார்ந்திருக்க என்னால் இயலாது.

எனவே செயற்குழுவிடம் நான் கேட்பவை இவை. கண்ணாடிப் பெட்டித் திட்டத்தைக் கைவிட்டு, அதை எழுத்துமூலம் உறுப்பினர்களுக்கு அறிவியுங்கள். 17 ஓடுகளையும் பூங்கா அலுவலகத்திடம் திருப்பிக் கொடுங்கள். யாரும் தாமே கொண்டுபோய் ஏதோ ஓர் இடத்தில் போட்டுவிட்டு வர வேண்டாம், அது இன்னொரு பொய்ச் சான்றை உருவாக்கும். அரிசோனாவின் கல்மரக் காட்டுப் பூங்காவுக்கு மனம் வருந்தித் திருப்பி அனுப்பப்படும் கற்களை அவை எடுக்கப்பட்ட இடம் தெரியாததால் பழைய இடத்தில் வைக்க வழியின்றிச் சாலையோரம் ஒரு குவியலாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். நம் ஓடுகளுக்கு அந்த நிலை வரக் கூடாது என்றால், எடுத்த ஒவ்வொரு குடும்பத்தினரும் அன்றைய படங்களைப் பார்த்து, எந்த இடத்தில் எடுத்தோம் என்பதைத் தங்களால் இயன்றவரை எழுதித் தர வேண்டும். படங்களில் நேரம் பதிவாகியிருக்கும், அது உதவும். கழன்ற கல்லைப் பற்றியும் கீவாவில் நடந்ததைப் பற்றியும் மறைக்காமல் எழுதி, சங்கத்தின் பெயரில் மன்னிப்புக் கேளுங்கள். எந்தச் சுவர், எந்த இடுக்கு என்று தெரிந்தால் அங்குள்ள கொத்தர்கள் அதைச் சரிசெய்ய முடியும். ட்ரோன் காட்சியைத் திரையிடாதீர்கள், சங்கத்தின் பக்கங்களிலிருந்தும் நீக்கிவிடுங்கள்.

அடுத்த பயணத்தை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. அந்த இடத்தை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும், இரவு தங்கி அங்குள்ள வானத்தையும் பார்க்க வேண்டும். ஆனால் போவதற்கு முன்பு, ஆல்புகர்க்கியில் 19 புவெப்லோ ஊர்களும் சேர்ந்து நடத்தும் பண்பாட்டு மையத்துக்கு எல்லோரும் ஒரு நாள் சென்று, அவர்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே சொல்லக் கேட்க வேண்டும். சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து வெவ்வேறு நாள்களில் செல்ல வேண்டும். வரவேற்பு மையத்தில் நின்று, விதிகளைப் படித்து, காவலரின் விளக்கத்தைக் கேட்ட பிறகே உள்ளே நுழைய வேண்டும். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பொறுப்பு பிரிக்கப்பட வேண்டும், அதில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். சங்கத்தின் அறிக்கைகளில் ‘அனசாசி’, ‘மறைந்துபோன’ என்ற சொற்கள் இனி வேண்டாம். ‘மூதாதைப் புவெப்லோ மக்கள்’ என்று எழுதுங்கள்.

பொங்கல் விழாவுக்கு இன்னும் ஐந்து வாரங்கள் உள்ளன. அதற்குள் செயற்குழு கூடி முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் மகளின் ஓட்டை எப்படிப் பஞ்சு சுற்றி அனுப்பினேன், யாரிடம் பேசினேன், கடிதத்தில் என்ன எழுதினோம் என்ற விவரங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அனுப்பும் செலவை நான் ஏற்கிறேன். அந்தப் பணிக்கு ஆள் இல்லையென்றால், சனிக்கிழமை மூன்றாம் நிலை வகுப்பு முடிந்ததும் நானே அலுவலக அறைக்கு வந்து அந்த டப்பாவைப் பெற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்ப்பள்ளி மூன்றாம் நிலை ஆசிரியை,
சங்கத்தின் 11 ஆண்டு உறுப்பினர்